வானமும் வடமும்

நுழையுமுன்

வீட்டுக்கு ஒரு பொருளையோ சேவையையோ தேர்ந்தெடுக்கும்போது விலையைப் பார்ப்பது எளிது. அதை யார், எதற்காக, எந்தச் சூழலில் பயன்படுத்தப் போகிறார் என்று பார்ப்பது சற்றுக் கடினம். தொலைக்காட்சி இணைப்பைத் தேர்ந்தெடுக்க முனைந்த ஒரு குடும்பத்தின் வழியாக அறிவியலையும் கணக்கையும் குடும்பப் பொறுப்பையும் இப்பாடம் சேர்த்துக் கூறுகிறது. பாடத்தில் வரும் குடும்பம் கற்பனை. ஊரும், வரலாற்றுச் செய்திகளும், அறிவியல் விளக்கங்களும் உண்மை.

1. கூடத்தில் எழுந்த வழக்கு

பாலக்காட்டு நகரை ஒட்டி, கல்பாத்திப் புழையின் கரையில் அமைந்த பழைய ஊர் கல்பாத்தி. நேரான தெருக்களின் இருமருங்கும் சுவரோடு சுவர் ஒட்டிய ஓட்டு வீடுகள் நிற்கும். வீட்டின் முன்னே திண்ணை, பின்னே கொல்லை. பல தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசி வாழும் ஊர் இது.

தேர் ஓடும் வீதியிலிருந்து சற்று விலகிய ஒரு குறுந்தெருவில் அந்த வீடு இருந்தது. பாட்டி, அப்பா, அம்மா, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள், ஆறாம் வகுப்பில் படிக்கும் மகன் என ஐவர் அதில் வாழ்ந்தனர். ஜூலை மாதத்து மழையில் மரக்கிளை ஒன்று முறிந்து கேபிள் கம்பியின்மேல் விழுந்தது. இரண்டு நாள்கள் தொலைக்காட்சி ஓடவில்லை. மூன்றாம் நாள் அப்பாவின் பொறுமை தீர்ந்தது.

“இனி இந்தக் கேபிள் வேண்டாம். டிஷ் வைத்துவிடலாம். நாளைக்கே ஆளை வரச் சொல்கிறேன்” என்றார் அவர்.

“மழை பெய்தால் டிஷ்ஷும் நின்றுவிடும் என்கிறார்களே! பணத்தைக் கொட்டிவிட்டுப் பிறகு வருந்தக் கூடாது” என்றார் அம்மா.

“கிரிக்கெட் எதில் வருகிறதோ அதை வாங்குங்கள் அப்பா” என்றான் மகன்.

ஊஞ்சலில் அமர்ந்திருந்த பாட்டியிடம் அப்பா, “அம்மா, உங்களுக்கு எது வேண்டும்?” என்று கேட்டார். ஈராண்டுகளுக்கு முன் வழுக்கி விழுந்தது முதல் பாட்டி கைத்தடி ஊன்றிக் கூடத்துக்குள் மட்டுமே நடமாடி வந்தார்.

“எனக்கு எதுவானாலும் சரி. நீங்கள் பார்ப்பதை நானும் பார்க்கிறேன்” என்றார் பாட்டி.

அந்த விடை மகளுக்கு நிறைவளிக்கவில்லை. “ஒரு வாரம் பொறுங்கள் அப்பா. இரண்டையும் விசாரித்து எழுதிக் காட்டுகிறேன். அதன் பிறகு முடிவு செய்யலாம்” என்றாள். அப்பா இசைந்தார்.

2. சிற்றூருக்கு வந்த வானம்

மகள் முதலில் பள்ளி நூலகத்துக்குச் சென்று, தொலைக்காட்சி நம் நாட்டுக்கு வந்த வழியைக் குறித்துக்கொண்டாள்.

இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னை நிலையம் 1975-இல் தொடங்கப்பெற்றது. அதே 1975-இல், அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 என்னும் செயற்கைக்கோளின் துணையுடன் ‘சைட்’ எனப்பட்ட ஓராண்டுத் திட்டம் நடைபெற்றது. ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் வலைக்கம்பியால் ஆன பெரிய கிண்ண வடிவ ஆன்டெனாக்களை நிறுவி, வேளாண்மை, நலவாழ்வு, கல்வி பற்றிய நிகழ்ச்சிகளை ஊரார் ஒன்றுகூடிக் காணச் செய்தனர். செயற்கைக்கோளிலிருந்து நேரடியாகப் படத்தைப் பெறும் முறை நம் நாட்டில் முதலில் செல்வர் வீட்டு மாடிக்கு வரவில்லை. சிற்றூரின் பொதுவிடத்துக்கே வந்தது.

1982-இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. 1985-இல் திருவனந்தபுரத்திலிருந்து மலையாள நிகழ்ச்சிகள் தொடங்கின. அக்காலத்தில் ஓட்டுக்கூரையின்மேல் உயரமான குழாய் நட்டு, மீன் முள் போன்ற ஆன்டெனாவைக் கட்டி, ஒருவர் மேலே ஏறித் திருப்ப, மற்றொருவர் கீழே நின்று “தெரிகிறது, தெரிகிறது” என்று கூவுவார்.

1991-க்குப் பிறகு தனியார் செயற்கைக்கோள் அலைவரிசைகள் பெருகின. சன் தொலைக்காட்சியும் ஏஷியாநெட்டும் 1993-இல் தொடங்கின. ஒவ்வோர் ஊரிலும் சிலர் மாடியில் பெரிய டிஷ் ஒன்றை நிறுவி, அதிலிருந்து தெருத்தெருவாகக் கம்பி இழுத்து வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்தனர். இதுவே கேபிள் தொழில் ஆயிற்று. இதனை முறைப்படுத்தக் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1995-இல் இயற்றப்பட்டது. வீட்டுக்கு ஒரு சிறிய டிஷ் என்னும் சேவை நம் நாட்டில் 2003-இல் தொடங்கியது. மாதச் சந்தா இல்லாத தூர்தர்ஷனின் டிஷ் சேவை 2004 டிசம்பரில் வந்தது. அது இன்று ‘டிடி ஃப்ரீ டிஷ்’ என வழங்குகிறது.

2012 முதல் 2017 வரை கேபிள் ஒளிபரப்பு படிப்படியாக எண்மமுறைக்கு மாற்றப்பட்டது. அதன்பின் கேபிளுக்கும் செட்டாப் பெட்டி வேண்டியதாயிற்று. எனவே, ‘டிஷ்ஷில் படம் தெளிவு, கேபிளில் புள்ளி புள்ளியாகத் தெரியும்’ என்னும் பழைய பேச்சு இன்று பொருந்தாது.

3. ஒரே வானம், இரண்டு வழிகள்

அடுத்த நாள் மகள் கம்பியைச் செப்பனிட வந்த கேபிள் பணியாளரிடமும், கடைவீதியில் டிஷ் பொருத்தும் கடைக்காரரிடமும் பேசினாள். அவர்கள் சொன்னவற்றை அறிவியல் நூலுடன் ஒப்பிட்டுப் பார்த்தாள்.

நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமி ஒருமுறை தன்னைச் சுற்றும் நேரத்தில் தானும் ஒருமுறை சுற்றி முடிக்கிறது. ஆகவே அது வானில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும். இத்தகைய கோள்களைக் கொண்டு உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945-இல் எழுதியவர், பிற்காலத்தில் இலங்கையில் குடியேறி வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். கோள் அசையாமல் நிற்பதாலேயே டிஷ்ஷையும் ஒருமுறை சரியாகத் திருப்பி இறுக்கிவிட்டால் போதும். கல்பாத்தியிலிருந்து பார்த்தால் இந்தியச் சேவைகளுக்கான முதன்மையான கோள்கள் தென்கிழக்கு வானில், தலைக்கு மேல் நன்கு உயரத்தில் இருக்கின்றன. அத்திசையில் தென்னையோ பலாவோ மாடிச்சுவரோ மறைத்தால் படம் வராது.

வீட்டு டிஷ்ஷில் விழும் அலைகளை அதன் முன்னுள்ள சிறு கருவி ஏற்று, தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு மாற்றிக் கம்பி வழியே செட்டாப் பெட்டிக்கு அனுப்புகிறது. பெட்டி அதைப் படமாகவும் ஒலியாகவும் மாற்றுகிறது. இடையில் வேறு எவரும் இல்லை.

கேபிளுக்கும் படம் வானிலிருந்துதான் வருகிறது. கேபிள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் உள்ள பெரிய டிஷ்கள் அலைவரிசைகளைப் பெறுகின்றன. அங்கிருந்து அவை கண்ணாடி இழை வழியாக ஒவ்வொரு பகுதிக்கும், பிறகு கம்பி வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் செல்கின்றன. வழியில் ஒளி மங்காமலும் ஒலி குன்றாமலும் இருக்க மின்சாரத்தால் இயங்கும் பெருக்கிகள் உள்ளன.

மகள் தன் குறிப்பேட்டில் இவ்வாறு எழுதினாள்: “இரண்டும் வானிலிருந்தே வருகின்றன. வேறுபாடு கடைசிப் பகுதியில்தான். டிஷ்ஷில் அந்தக் கடைசிப் பகுதியைக் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் நம்முடையது. கேபிளில் அது ஊரிலுள்ள ஒருவருடையது.”

4. மழை, மின்சாரம், தேர்

அம்மா கேட்ட கேள்விக்கு விடை காண வேண்டியிருந்தது. மழையில் டிஷ் ஏன் நின்றுவிடுகிறது?

வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 12 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர். கட்டுப்பாட்டு அறையின் பெரிய டிஷ்கள் பெரும்பாலும் ஏற்பது ஏறத்தாழ 4 கிகாஹெர்ட்ஸ் அலையை. அதன் நீளம் ஏழரை சென்டிமீட்டர். அலை குறுகக் குறுக மழைத்துளிகள் அதை மிகுதியாக உறிஞ்சும், சிதறடிக்கும். அதனால்தான் பெருமழையின்போது வீட்டு டிஷ்ஷில் படம் உறைந்து நிற்கிறது. கட்டுப்பாட்டு அறையோ பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. ஆனால் இந்தத் தடை மழை வலுத்திருக்கும் சிறிது நேரத்துக்கே. மழை தணிந்ததும் படம் தானே திரும்பிவிடும். கேபிள் கம்பி அறுந்தாலோ, ஆள் வந்து ஒட்டும்வரை திரும்பாது. ஒன்றில் தடை அடிக்கடி வரும், விரைவில் நீங்கும். மற்றதில் தடை எப்போதாவது வரும், நீங்க நாளாகலாம்.

மின்வெட்டின்போது என்ன ஆகும்? வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் டிஷ் தடையின்றி இயங்கும். கேபிளில் வீட்டு இன்வெர்ட்டர் மட்டும் போதாது. வழியிலுள்ள பெருக்கிகளுக்கும் மின்சாரம் வேண்டும். வீடுவரை கண்ணாடி இழையே வந்தால் வழியில் பெருக்கிகள் குறையும், தடையும் குறையும்.

மார்ச் மாதத்திலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் சில நாள்கள், கதிரவன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னே வரும்போது சில நிமிடங்கள் படம் கலங்கும். இது டிஷ், கேபிள் இரண்டுக்கும் பொது. இதற்காக எவரையும் அழைத்துச் சண்டையிட வேண்டியதில்லை.

கல்பாத்திக்கே உரிய இரண்டு செய்திகளையும் மகள் குறித்தாள். சரிவான ஓட்டுக்கூரையின்மேல் டிஷ் பொருத்தினால் ஓடு உடையும், மழைநீர் ஒழுகும். கொல்லைப்புறச் சுவரிலோ, தரையில் நட்ட இரும்புக் குழாயிலோ பொருத்துவதே நன்று. தெருவின் பழைய முகப்பும் கெடாமல் இருக்கும். மற்றொன்று தேரைப் பற்றியது. உயரமான தேர் ஓடும் வீதிகளில் குறுக்கே தொங்கும் கம்பிகளைத் திருவிழா நாள்களில் விலக்க வேண்டிவரும். தேர் வடத்துக்குக் கேபிள் வடம் வழிவிட்டாக வேண்டும். எனவே தம் வீட்டுக் கம்பி எந்த வழியாக வருகிறது என்று கேபிள் இணைப்புள்ளவர் அறிந்திருக்க வேண்டும்.

5. கட்டணக் கணக்கு

‘மாதம் இவ்வளவுதான்’ என்று விளம்பரத்தில் காணும் எண் முழுக் கணக்கு அன்று. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த முறை 2019-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பார்வையாளர் தாம் விரும்பும் அலைவரிசைகளைத் தனித்தனியாகவோ தொகுப்பாகவோ தேர்ந்தெடுக்கலாம். இது டிஷ், கேபிள் இரண்டுக்கும் பொருந்தும். மாதக் கட்டணத்தில் மூன்று பகுதிகள் உள்ளன: வலையமைப்புக் கட்டணம், கட்டண அலைவரிசைகளின் விலை, 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி.

தொடக்கத்தில் வலையமைப்புக் கட்டணத்துக்கு ரூ.130 என உச்சவரம்பு இருந்தது. வரியான ரூ.23.40-ஐச் சேர்த்தால் ரூ.153.40. கட்டண அலைவரிசைகளின் விலை இதற்கு மேல். 2024-இல் இந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது. ஆகவே இன்று ஒவ்வொரு சேவையாளரிடமும் கட்டணத்தைத் தனித்தனியே கேட்டறிய வேண்டும்.

கேரளத்துக்கென அமைக்கப்படும் தொகுப்புகளில் மலையாள அலைவரிசைகளே முதன்மை பெறும். கல்பாத்தி போன்ற ஊரில் உள்ள தமிழ்க் குடும்பம், தான் விரும்பும் தமிழ் அலைவரிசைகள் தொகுப்பில் உள்ளனவா, தனியே பணம் கட்ட வேண்டுமா என்று பெயர் சொல்லிக் கேட்பது நல்லது. பிள்ளைகளின் கல்வி அலைவரிசைகளும் அவ்வாறே. 2020 ஜூன் மாதத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது கேரளத்தில் ‘கைட் விக்டர்ஸ்’ அலைவரிசை வழியாகவே பாடங்கள் தொடங்கின. அப்போது அந்த ஓர் அலைவரிசை வீட்டில் வருகிறதா என்பதே பல பெற்றோரின் கவலையாக இருந்தது.

தொடக்கச் செலவையும் மாதக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்க்க மகள் ஒரு மாதிரிக் கணக்குப் போட்டாள். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்களே:

டிஷ்: தொடக்கச் செலவு ரூ.1,500, மாதம் ரூ.250. முதலாண்டில் மொத்தம் ரூ.4,500, ஈராண்டுகளில் ரூ.7,500.

கேபிள்: தொடக்கச் செலவு ரூ.500, மாதம் ரூ.300. முதலாண்டில் மொத்தம் ரூ.4,100, ஈராண்டுகளில் ரூ.7,700.

ஓராண்டைப் பார்த்தால் கேபிள் மலிவு. ஈராண்டுகளைப் பார்த்தால் டிஷ் மலிவு. எத்தனை காலத்துக்கு என்று கேட்காமல் எது மலிவு என்று சொல்ல இயலாது. இரு மொத்தங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடும் பெரிதன்று. எனவே பணம் மட்டும் இந்த வழக்கைத் தீர்த்து வைக்காது என்று அவளுக்குப் புரிந்தது.

6. ஏழு நாள் குறிப்பேடு

வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று ஏழு நாள்கள் அவள் எழுதி வந்தாள். அப்பா இரவில் அரைமணி நேரம் மலையாளச் செய்தி பார்த்தார். அம்மா இரவில் ஒரு தமிழ்த் தொடர் பார்த்தார். கிரிக்கெட் வேண்டும் என்று வாதாடிய தம்பி, பாதி ஆட்டத்தை அப்பாவின் கைப்பேசியிலேயே பார்த்தான். அவளோ அந்த வாரம் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்குமேல் பார்க்கவில்லை.

பாட்டியின் பக்கம் வியப்பளித்தது. தொலைக்காட்சி முன் மிகுந்த நேரம் அமர்ந்திருந்தவர் அவரே. ஆனால் அந்த ஏழு நாள்களில் அவர் ஒருமுறைகூட ரிமோட்டைக் கையில் எடுக்கவில்லை. பிறர் வைத்ததைப் பார்த்தார். பிறர் நிறுத்தியபோது எழுந்தார்.

எட்டாம் நாள் அவள் பாட்டியின் அருகில் ஊஞ்சலில் அமர்ந்தாள்.

“பாட்டி, இதில் நீங்கள் காத்திருந்து பார்ப்பது என்று ஏதாவது உண்டா?”

பாட்டி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தேர்” என்றார்.

கல்பாத்தி விசுவநாத சுவாமி கோயில் தேர்த்திருவிழா ஆண்டுதோறும் நவம்பர் நடுவில் நடைபெறும். மூன்றாம் நாள் மாலை சுற்றியுள்ள கிராமங்களின் தேர்களும் வந்து கூடும் காட்சியைத் தேவரத சங்கமம் என்பர். காலில் வலு இருந்தவரை பாட்டி ஓராண்டும் அதைத் தவறவிட்டதில்லை.

“விழுந்த பிறகு, சென்ற இரண்டு ஆண்டுகளும் கேபிளின் உள்ளூர் அலைவரிசையில்தான் பார்த்தேன். உன் தாத்தா வடம் பிடிக்க நிற்கும் இடம் ஒன்று உண்டு. தேர் அங்கே திரும்பும்போது நன்றாகக் காட்டினார்கள்.”

“உள்ளூர் அலைவரிசை டிஷ்ஷில் வராதே பாட்டி! அன்றைக்கு அப்பா கேட்டபோது ஏன் சொல்லவில்லை?”

“மூன்று நாளுக்காக, ஆண்டு முழுவதும் நீங்கள் சிரமப்பட வேண்டுமா?” என்றார் பாட்டி.

7. தேர்வு

அன்று இரவு மகள் குறிப்பேட்டைப் படித்தாள். மழை, மின்சாரம், கட்டணம் பற்றியவற்றை அப்பா தலையசைத்துக் கேட்டார். கடைசிப் பக்கத்தில் பாட்டி சொன்னதை அவள் படித்தபோது, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“அம்மா, என்னிடம் சொல்லியிருக்கலாமே” என்றார்.

“நீ கேட்டாய். நான் ‘எதுவானாலும் சரி’ என்றேன். தவறு உன்னுடையதன்று” என்றார் பாட்டி.

கேபிளையே வைத்துக்கொள்வது என முடிவாயிற்று. ஆனால் பழையபடி அன்று. மறுநாள் அப்பா கேபிள் பணியாளரை வரவழைத்து மூன்று செய்திகளைப் பேசினார். முதலாவது, கம்பியை மரக்கிளையிலிருந்து விலக்கி, வீடுவரை கண்ணாடி இழையாக மாற்ற இயலுமா? இயலும், அதன் வழியே இணையமும் பெறலாம் என்றார் அவர். இரண்டாவது, தமிழ் அலைவரிசைகளுக்கான தொகுப்பு எது, வரியுடன் மொத்தம் எவ்வளவு? அவர் எழுதிக் கொடுத்தார். மூன்றாவது, தேர் நாள்களில் கம்பியை விலக்கினால் இணைப்பு அறுமா? அந்த வீட்டுக்கு வரும் கம்பி கொல்லைப்புற வழியாக வருவதால் தேர்வீதியைக் கடக்கவில்லை என்று அவர் காட்டினார். பழுது ஏற்பட்டால் புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வது இனி தன் பொறுப்பு என்றாள் மகள்.

அடுத்த வீட்டுக்கு இதே முடிவு பொருந்தவில்லை. அங்கே வாழும் முதிய இணையர் ஆண்டில் பாதியைப் பெங்களூருவில் மகள் வீட்டில் கழிப்பவர்கள். ஊரில் இருக்கும் மாதங்களுக்கு மட்டும் ரீசார்ஜ் செய்தால் போதும் என்பதால் அவர்கள் டிஷ்ஷைத் தேர்ந்தெடுத்தனர். மகளின் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாத்தாவும் பாட்டியும் இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்கு அருகில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழ்கின்றனர். மலைச்சரிவில் உள்ள அந்த லயம்வரை கம்பி இழுக்க எவரும் வரவில்லை. தமிழ்ப் பேச்சும் பாட்டும் அங்கே டிஷ் வழியாகவே வருகின்றன. மழையில் படம் நின்றால், மழை நிற்கும்வரை அவர்கள் காத்திருக்கிறார்கள்.

மூன்று வீடுகளும் தேர்ந்தெடுத்தவை வேறு வேறு. எனினும் மூன்றும் சரியானவையே. எந்தச் சேவை சிறந்தது என்னும் கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு எது வேண்டும், பழுதானால் யார் வருவார் என்னும் கேள்விகளுக்கு விடை உண்டு. வாய்விட்டுக் கேட்காதவரின் தேவையையும் சேர்த்து எண்ணினால்தான் அந்த விடை முழுமை பெறும்.

நவம்பர் வந்தது. தேவரத சங்கமத்தன்று மாலை பாட்டியின் நாற்காலியைத் தம்பி தொலைக்காட்சிக்கு அருகில் இழுத்துப் போட்டான். வீதியிலிருந்து எழுந்த மேளவொலி சன்னல் வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும் சற்று முன்பின்னாகக் கேட்டது. தேர் திரும்பும் இடம் திரையில் வந்ததும் பாட்டி கைகூப்பினார். அன்று கிரிக்கெட் ஆட்டமும் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் எவரும் ரிமோட்டைக் கேட்கவில்லை.

அருஞ்சொற்பொருள்

வடம் – தடித்த கயிறு, கம்பித்தொகுதி
இருமருங்கும் – இரண்டு பக்கங்களிலும்
கொல்லை – வீட்டின் பின்புறத் தோட்டம்
புழை – ஆறு (மலையாள வழக்கு)
இசைந்தார் – உடன்பட்டார்
அலைவரிசை – தொலைக்காட்சி ஒளிபரப்புப் பிரிவு
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு
லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடு
சந்தா – தவணைதோறும் செலுத்தும் கட்டணம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ‘சைட்’ திட்டத்தில் செயற்கைக்கோள் நிகழ்ச்சிகளை மக்கள் எங்கே, எவ்வாறு கண்டனர்?
2. வீட்டு டிஷ்ஷை ஒருமுறை திருப்பி இறுக்கினால் போதும். ஏன்?
3. ‘இரண்டும் வானிலிருந்தே வருகின்றன’ என மகள் எழுதக் காரணம் யாது?
4. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் மின்வெட்டின்போது கேபிள் நின்றுவிடுவது ஏன்?
5. அடுத்த வீட்டு இணையர் டிஷ்ஷைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. மழையால் டிஷ்ஷுக்கும் கேபிளுக்கும் ஏற்படும் தடைகளை ஒப்பிடுக.
2. “மூன்று நாளுக்காக, ஆண்டு முழுவதும் நீங்கள் சிரமப்பட வேண்டுமா?” – இக்கூற்று பாட்டியின் இயல்பை எவ்வாறு காட்டுகிறது? அவர் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என நீ கருதுகிறாயா? காரணம் தருக.

இ. கணக்கிடுக.

பாடத்தில் உள்ள மாதிரி எண்களின்படி, எத்தனையாவது மாத முடிவில் டிஷ்ஷின் மொத்தச் செலவும் கேபிளின் மொத்தச் செலவும் சமமாகும்?

ஈ. மொழிப்பயிற்சி

1. பிரித்து எழுதுக: ஓட்டுக்கூரை, மின்வெட்டு, மரக்கிளை, தென்கிழக்கு.
2. ‘வடம்’, ‘திரை’ ஆகிய சொற்களை இரு வேறு பொருள்களில் அமைத்துத் தொடர்கள் எழுதுக.
3. நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றுக: “எனக்கு எதுவானாலும் சரி. நீங்கள் பார்ப்பதை நானும் பார்க்கிறேன்” என்றார் பாட்டி.
4. ‘அன்று’, ‘அல்ல’ ஆகியவற்றுள் பொருத்தமானதை இடுக: இது முழுக் கணக்கு ____. இவை உண்மையான கட்டணங்கள் ____.

உ. செயல்பாடு

உன் வீட்டில் உள்ளோர் ஏழு நாள்கள் எந்தெந்த நிகழ்ச்சிகளை, எவ்வளவு நேரம் பார்க்கின்றனர் என்று அட்டவணையிடுக. பிறகு வீட்டில் மிகவும் குறைவாகப் பேசுபவரிடம், “நீங்கள் காத்திருந்து பார்ப்பது எது?” என்று கேட்டு, அவர் கூறும் விடையை அவர் சொன்னபடியே பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.